சத்தமில்லாத ரயில்

எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். இஸ்திரி வெங்கடசாமி டோரீன் மிஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. ஒரு புடவையின் மேல் இஸ்திரிப் பெட்டியை நிற்க விட்டதால் வந்த கடன்.

டோரீன் மிஸ் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் மோதிரம் மாற்றிய அன்று அவர் கட்டிய பட்டு, சந்தன வெள்ளை நிறம். மகள் கேரலின் நிச்சயத்துக்கும் அதைத்தான் கட்ட வேண்டும் என்று பீரோவிலிருந்து எடுத்து, வெங்கடசாமியின் வண்டிக்கு அவரே கொண்டுவந்தார்.

"பட்டு. பாத்து," என்று மட்டும் சொன்னார்.

அதுகூடச் சொல்லத் தேவையில்லை. ஜீவனஹள்ளி ரயில் சுவரோரம், தூங்குமூஞ்சி மரத்தின் கீழே வண்டி போட்டு வயசானவர் வெங்கடசாமி. பட்டு வந்தால் கரியின் சூட்டைத் தணித்து, மேலே மெல்லிய மல்லுத் துணி ஒன்றைப் போட்டு, பெட்டியைக் காற்றுப் போல ஓட்டுவார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். முந்தானையை விரித்தார். துணியைப் போட்டார். பெட்டியை வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்தது, எதிர்ப்பக்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடிவந்த லாயிட் அவர் கையைப் பிடித்து இழுத்ததுதான்.

"அண்ணா, புகையுது பாரு. இன்னாண்ணா, நின்னுகினே தூங்கறியா?"

மல்லுத் துணி கருகி, அதற்குக் கீழே பட்டில் அரச இலை அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு.

கமர்ஷியல் தெருவில் கிழிசல் தைக்கிறவர் கையை விரித்துவிட்டார். அதே மாதிரிப் புதுப்புடவை பதினாறாயிரத்து எழுநூறு என்று கடையில் சொன்னார்கள். டோரீன் மிஸ் கணக்கு டீச்சர் அல்லவா, நேராக வண்டிக்கு வந்து இரண்டாக வகுத்தார். "பாதி நீ குடு. பாதி என் தலையெழுத்து."

வெங்கடசாமி தலையாட்டினார். வாதாட என்ன இருக்கிறது? பெட்டி அவர் கையில் இருந்தது. அவர்தான் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை.

கொஞ்சம் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி சந்திரம்மாவிடம்கூட.

போன மழைக்காலத்தில்தான் அது வர ஆரம்பித்தது. முதலில் வாசனை. ஈரத்துணியில் வெயில் பட்ட வாசனை, கூடவே எங்கோ யாரோ ஆரஞ்சுத் தோல் உரிக்கிற மாதிரி. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு வெதுவெதுப்பு மெல்ல ஏறி நெஞ்சுக்கு வரும். மரத்து நிழல் தரையில் அசையாமல் நின்றுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று போகும். சத்தமே இருக்காது. பாலில் ஆடை நகர்கிற மாதிரி அது பாட்டுக்குப் போகும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஓர் ஆள். ஒவ்வொருவர் மேலும் அவர் தேய்த்த துணி. காலர் மடங்காமல், கை மடிப்புக் கத்தியாக நிற்கும். எல்லா முகமும் தெரிந்த முகம், ஆனால் ஒரு பெயரும் வாயில் வராது. இதெல்லாம் இதற்கு முன்னாலேயே இதே மாதிரி நடந்ததுதான் என்று மனசு அடித்துச் சொல்லும். கடைசிப் பெட்டியில் ஒரு பெண் தலையை வெளியே நீட்டி, அவரையே பார்த்து, எதையோ சொல்ல வாயைத் திறப்பாள்.

அங்கேயே அது அறுந்துபோகும். திரும்பி வந்தால் சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருக்கும், வாயில் எச்சில் ஊறியிருக்கும், எதிரில் நிற்கிற ஆள் எதையோ கேட்டு முடித்துவிட்டு முறைத்துக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரத்துக்கு எந்தக் கிழமை என்று தெரியாது.

பயம் இல்லை. காலையில் கரி பற்றவைத்ததிலிருந்து நின்றே தேய்கிற மனுஷன் அவர். கேட்காமலே வருகிற அந்த இரண்டு நிமிஷம் அவருக்கு யாரோ வைத்த விருந்து மாதிரி இருந்தது. அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாள் என்று ஒருநாள் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார்.

தீபாவளி கழித்துத் தருகிறேன் என்று சொன்ன பணம் பொங்கல் கழிந்தும் வரவில்லை. டோரீன் மிஸ் குடையை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு வந்தார். வரும்போதே வெங்கடசாமிக்கு ஆரஞ்சு வாசனை அடித்துவிட்டது. நல்ல வேளை, பெட்டி தாங்கியின் மேல் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது மிஸ் பாதித் தெருவைத் தாண்டியிருந்தார். குடை வேகமாகப் போனது. லாயிட் அப்போதுதான் சவாரி முடித்து வந்து ஆட்டோவை ஓரங்கட்டினான்.

"இன்னாண்ணா சொன்ன அந்தம்மாவை? மூஞ்சி செவந்து போவுதே."

"நான் ஒண்ணும் சொல்லலியேப்பா."

அவர் ஒன்றும் சொல்லாததுதான் குற்றமாகிப் போனது. காசு கேட்டால் பதில் சொல்லாமல், முகத்தையும் பார்க்காமல், வெற்றிலை மெல்லுகிற மாதிரி வாயை மென்றுகொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறான், குடித்திருக்கிறான், இல்லாவிட்டால் திமிர் என்று மிஸ் கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னார். டீச்சர் சொன்ன பேச்சு. வண்டிக்கு வருகிற மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

ஹெப்பகோடியில் கம்பெனி வேலை பார்க்கிற மகன் சுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அப்பாவைப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். வயசு மறதி, இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று அங்கே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சுனில் வெளியே வந்ததும் போனில் யாரிடமோ பேசி முடித்தான்.

"வண்டிக்கு ஆள் பாத்துட்டேம்ப்பா. அட்வான்ஸ் வாங்கிட்டேன். மாசக் கடைசியில வந்து தள்ளிகினு போவான். நீங்க ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க."

"அங்க நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காரு."

வெங்கடசாமி வண்டியின் பலகையைத் தடவினார். சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. வண்டி போனால் மரம் போச்சு, சுவர் போச்சு, ரயிலும் போச்சு.

மறதி என்ற பேச்சு சந்திரம்மாவுக்கு ஒப்பவில்லை. மறுநாள் கலந்து கிடந்த துணிக் குவியலை அவர் முன்னால் கொட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் கை பாட்டுக்குப் பிரித்துப் போட்டது. இது மூணாவது மாடி, இது பேங்க்காரர் வீடு, இது பிரிஸில்லா டாக்டரம்மா கோட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஏங்க, மறதிக்காரருக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியுது?" என்று கேட்டாள். "உங்களுக்கு மறதி இல்ல. வேற என்னமோ இருக்குது. எழுந்திருங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஊருக்குத் தெற்கே இருந்த அந்த நரம்பு ஆஸ்பத்திரியில் வரிசை வாசல் வரைக்கும் வந்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனார்கள். உள்ளே சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர். சுனிதா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"ஹேளி அஜ்ஜா," என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், சந்திரம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "சொல்லுங்க தாத்தா. என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்றார் வெங்கடசாமி. "நான் நின்னுகினு இருப்பேன். அப்புறம் எல்லாரும் திட்டுவாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்கு முன்னால் வாசனை, வயிற்றில் ஏதாவது, அப்படி வருமா என்று கேட்டார். வெங்கடசாமிக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி ஆயிற்று. வாசனை வரும் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். ரயிலைச் சொல்லவில்லை.

தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் காகிதக் கோடாகப் பார்த்தார்கள். கோடு அன்றைக்குச் சாதுவாக ஓடியது.

"இதுல தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல," என்றார் டாக்டர். "இது வலிப்பா இருக்கலாம்."

வெங்கடசாமிக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. "வலிப்பா? அது எப்படிம்மா வரும்? எங்க தெருவுல யாருக்காச்சும் இழுத்தா கையில சாவிக்கொத்து குடுப்போம், இரும்பைப் பாத்தா நின்னுடும். நான் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் பெட்டியைப் புடிச்சிகினு நிக்கற ஆள். என்கிட்ட அது வருமா?"

சந்திரம்மாவும் தலையாட்டினாள். இத்தனை நாளும் அவளும் லாயிட்டும் தெருவும் வலிப்பு என்று நினைக்காமல் போனதற்கு அதுதான் காரணம். ஊரில் எவருக்கு வந்தாலும் இஸ்திரிக்காரருக்கு வராது என்று ஒரு நம்பிக்கை.

"இரும்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் டாக்டர். "இழுக்கறப்ப கையில ஒண்ணும் திணிக்காதீங்க, வாயிலயும் ஒண்ணும் வைக்காதீங்க. சூடான சாமானைத் தள்ளி வெச்சுட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கூடவே இருங்க. அவ்வளவுதான். வயசானவங்களுக்கு வர்ற வலிப்பு கீழ விழுந்து இழுக்கணும்னு கூட இல்ல. நின்ன இடத்துலயே ரெண்டு நிமிஷம் ஆள் காணாம போயிடுவாங்க. வீட்ல மறதின்னு நினைச்சுக்குவாங்க." பேனாவை மூடினார். "ஆனா வந்தப்போ முழுசாப் பாத்த ஒரு ஆள் எனக்கு வேணும். யார் பாத்தாங்க?"

சந்திரம்மா பார்த்ததில்லை. லாயிட் ஒவ்வொரு தடவையும் முடிகிற நேரத்துக்கு வந்தவன். முழுசாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, கோபத்தோடு உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவர் ஒருவர்தான் உண்டு.

சந்திரம்மா மறுநாள் டோரீன் மிஸ் வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"காசு கொண்டு வந்தியா?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். உங்களைக் கூப்பிட வந்தேன். ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கென்ன கேடு, நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"உங்களுக்கு இல்ல மிஸ். அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் வாயை மென்னுகினு நின்னாரே, அதை நீங்கதான் பாத்தீங்க. அதை டாக்டருகிட்ட சொல்லணுமாம். நீங்க சொல்லலன்னா மாசக் கடைசியில வண்டி போயிடும். அப்புறம் உங்க காசும் வராது."

மிஸ் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்தார். "அவன் வேணும்னு செய்யலையா?"

"வேணும்னு செய்யற ஆளா மிஸ் அவரு? உங்களுக்குத் தெரியாதா?"

மிஸ் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். லாயிட் ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். லாயிட் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "கடன்காரரும் கடன் குடுத்தவங்களும் ஒரே வண்டியில போறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றான். "வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு மேன்," என்றார் மிஸ்.

டாக்டர் கேட்டதும் மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கரும்பலகை முன்னால் நிற்கிற பழக்கம். வாயால் சொல்லாமல் செய்தே காட்டினார். முதலில் பேச்சு பாதியில் நின்றது. கண் திறந்தபடி எதையும் பார்க்காமல் வலது பக்கமாகத் திரும்பியது. உதடும் தாடையும் மென்றன, விழுங்கின, மறுபடி மென்றன. வலது கை எழும்பி மேல் பொத்தானைத் தேடியது, பிடித்தது, திருகியது, விட்டது, மறுபடி தேடியது. இடது கை தொங்கியது தொங்கியபடி கிடந்தது.

"இப்படியே. நான் கத்தினேன். திரும்பிப் பாக்கல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெங்கடசாமி மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலும் ஜன்னல் முகங்களும் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, வெளியே தான் விட்டுப்போன உடம்பு இப்படியா நின்றிருந்தது? ஆளில்லாத வீட்டில் விசிறி சுற்றுகிற மாதிரி. முதன்முதலாக அவருக்குப் பயம் வந்தது. அந்தக் கையின் கீழே அன்றைக்குக் கரிப் பெட்டி இருந்ததை நினைத்தார். அது பட்டின் மேல் போனது. மடியில் விழுந்திருந்தால்?

டாக்டர் மூளையைப் படம் எடுக்க அனுப்பினார். படத்தில் வலது பக்கம், காதுக்கு உள்ளே, சின்னதாக ஒரு தழும்பு. எப்போதோ ரத்தம் அடைத்து, தெரியாமலே ஆறிப்போன இடம். அங்கிருந்துதான் அந்தப் பொறி கிளம்புகிறது என்றார்.

"புடவையில இருக்கே, அந்த மாதிரியாம்மா?" என்று கேட்டார் வெங்கடசாமி.

"அந்த மாதிரிதான்னு வெச்சுக்குங்க. தழும்பு போகாது. பொறி வராம தடுக்கலாம். வயசான உடம்பு, அதனால சின்ன அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவோம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தினா மொத்தமா வந்து அடிக்கும். நான் சொல்ற வரைக்கும் கரிப் பெட்டி தொடக் கூடாது."

"அந்த வாசனை?"

"அதுவும் வலிப்புதான் அஜ்ஜா. அதோட தலைவாசல். அதுவும் போயிடும்."

சந்தோஷமான சேதி என்று நினைத்து டாக்டர் சொன்னார். வெங்கடசாமி படத்தை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது லாயிட்டுக்குத்தான் ஆறவில்லை. "இரும்பு இருந்தும் எப்படிண்ணா வந்துச்சு?" என்று யோசித்துக்கொண்டே வந்தவன், பாலத்தின் மேல் திடீரென்று சிரித்தான். "அண்ணா, உன் பெட்டி பித்தளை. இரும்பே இல்ல. அங்கதான் கோட்டை விட்டுட்ட." டோரீன் மிஸ் குடையால் அவன் தோளில் ஒன்று போட்டார்.

மறுநாளிலிருந்து சந்திரம்மா பெட்டியை எடுத்தாள். வெங்கடசாமி தண்ணீர் தெளித்தார், மடித்தார், மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுனில் வந்து பார்த்துவிட்டு, அம்மா தேய்க்கிற வேகத்தையும் அப்பா துணி பிரிக்கிற விதத்தையும் கவனித்துவிட்டு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தான். அம்மா தோள் தாங்குகிற வரைக்கும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தோள் எவ்வளவு நாள் தாங்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். வெங்கடசாமியின் கைக்குப் பெட்டி திரும்பி வந்தால்தான் வண்டி நிலைக்கும்.

முதலில் கொடுத்த மாத்திரை அவரைச் சிடுசிடு மனுஷனாக்கியது. குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று தட்டைத் தள்ளினார், கல்யாணம் ஆனதிலிருந்து செய்யாத காரியம். சந்திரம்மா அதையும் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அதை மெல்லக் குறைத்து வேறொன்றை மெல்ல ஏற்றினார். அந்த மாத்திரை ஒத்துக்கொண்டது.

ரயில் கொஞ்சங் கொஞ்சமாகப் போனது. முதலில் முகங்கள் மங்கின. அப்புறம் ஜன்னல்கள். ஒருநாள் வாசனை மட்டும் வந்து நின்று, உள்ளே வராமல் வாசலோடு திரும்பியது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. துணி துணியாக இருந்தது. நிழல் இலையோடு சேர்ந்து அசைந்தது. கிழமை தப்பவில்லை. எல்லாரும் தேறிவிட்டார் என்றார்கள். அவருக்கு மட்டும், சொல்லிக்கொள்ளாமல் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஆட்களை நினைக்கிற மாதிரி இருந்தது.

ஒரு சாயங்காலம் சந்திரம்மா கரி வாங்கப் போயிருந்தாள். வெங்கடசாமி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக, சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருந்தது. ஒரே ஒரு வேளை போடாவிட்டால்? அந்தப் பெண் சொல்ல வந்ததை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட மாட்டோமா?

குடை முனை தரையில் தட்டியது. டோரீன் மிஸ், கையில் ஒரு மூட்டை. கோயில் வாசலில் அதே நாலு பேரிடமும் போய், தான் சொன்னது தப்பு என்று அவர் சொல்லிவிட்டு வந்தது வெங்கடசாமிக்குத் தெரியும். மூட்டைகள் திரும்பி வர ஆரம்பித்திருந்தன.

"மிஸ், அந்தக் காசு," என்று ஆரம்பித்தார். "இந்த மாசத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா..."

"யார் புடவையைச் சுட்டது?" என்றார் மிஸ்.

"நான்தான் மிஸ்."

"நீ அங்க இருந்தியா?"

வெங்கடசாமி மாத்திரையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"நான் பாத்தேனே வெங்கட்சாமி. கண்ணு முன்னாடி நின்னு பாத்தேன். அங்க ஆளே இல்ல. இல்லாத ஆள்கிட்ட எப்படி நான் காசு வாங்கறது? என் கணக்குல அது வராது." மிஸ் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். "ஆனா சும்மா விட மாட்டேன். எட்டாயிரத்து முந்நூத்தி அம்பது ரூபா. நீ எங்க போனன்னு சொல்லு. அன்னிக்கில இருந்து அதையேதான் நினைச்சிகிட்டு இருக்கேன். கண்ணு திறந்து இருக்குது, என்னைப் பாக்கல. வேற எதையோ பாத்த. எதை?"

உள்ளங்கையில் மாத்திரை வியர்வையில் நனைந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. டாக்டர்கூட வாசனைக்கு மேலே கேட்கவில்லை.

ஆரஞ்சுத் தோலிலிருந்து ஆரம்பித்தார். வெதுவெதுப்பைச் சொன்னார், நின்றுபோன நிழலைச் சொன்னார். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினார். சொல்லச் சொல்ல, போன ஆட்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது பெட்டியில் நீலச் சட்டைக்காரர். அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்குழந்தை, பாவாடை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. மிஸ் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பெட்டியில ஒரு அம்மா தலையை நீட்டி என்னமோ சொல்ல வருவாங்க மிஸ்," என்றார்.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நிஜ ரயில் வந்தது. தடதடவென்று தண்டவாளம் அதிர்ந்தது, வண்டிப் பலகை நடுங்கியது, பெட்டிக்குள் சாம்பல் எழும்பியது. மிஸ்ஸின் உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. வெங்கடசாமி கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னீங்க மிஸ்?"

"என்ன சொன்னாங்கன்னு கேட்டேன், அந்த அம்மா."

"தெரியல மிஸ். அதுக்குள்ள நான் வந்துடுவேன்."

மிஸ் யோசித்தார். "நானாத்தான் இருக்கும். என் காசு எங்க மேன்னு கேட்டிருப்பேன்."

வெங்கடசாமி சிரித்தார். வெகு நாளைக்கப்புறம் வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே துணி தெளிக்கிற சொம்பை எடுத்து, மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

மிஸ் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "சரி. தீந்துச்சு உன் கடன்," என்றவர், கொண்டுவந்த மூட்டையைப் பலகையின் மேல் வைத்தார். "இதுக்குக் காசு உண்டு. மேல இருக்கறது பட்டு. சந்திரம்மாகிட்ட சொல்லு, பாத்து."

மூட்டையின் மேலே சந்தன வெள்ளை தெரிந்தது. அரச இலைத் தழும்பு உள்பக்கம் போகிற மாதிரி யாரோ முந்தானையை மடித்துவைத்திருந்தார்கள்.